வெள்ளையர் யார்? வழக்கும் கல்யாணமும்

நண்பர்களே, இனம் ரத்தத்திலேயே இருக்கிறது என்று நம்புகிறவர்கள் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகளைச் சேர்த்துப் படித்துப் பார்க்கலாம். இரண்டுக்கும் நடுவில் மூன்று மாதம்தான். எழுதியவரும் ஒரே நீதிபதி, ஜார்ஜ் சதர்லாண்ட்.

அன்றைய சட்டப்படி, குடியேறியவர்களில் வெள்ளையருக்கும் ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கும்தான் குடியுரிமை. ஜப்பானில் பிறந்த தக்காவோ ஒசாவா, தன் தோலும் வெள்ளைதானே என்று வாதாடினார். தோல் நிறம் செல்லாது, காக்கேசிய இனமாக (ஐரோப்பியர் முதலானோரைச் சேர்த்து அன்றைய மானுடவியலாளர் வைத்த பெயர்) இருக்க வேண்டும் என்றது 1922 நவம்பர் தீர்ப்பு. அப்புறம் வந்தார் பகத் சிங் திண்ட், முதல் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவத்தில் இருந்த பஞ்சாபிச் சீக்கியர். அன்றைய மானுடவியலாளர் பலரின் கணக்கில் அவர் காக்கேசியர்தான். சதர்லாண்ட் அசரவில்லை. 1923 பிப்ரவரியில், விஞ்ஞானம் எதையாவது சொல்லட்டும், சாதாரண ஜனங்கள் யாரை வெள்ளையர் என்று நினைக்கிறார்களோ அவர்களே வெள்ளையர் என்றார்!

திண்டுக்காக உடனே கண்ணீர் விட வேண்டாம். அவர் தரப்பு வைத்த வாதத்தையும் கேளுங்கள்: கல்யாண விஷயத்தில் அமெரிக்கர் கறுப்பரை எப்படிப் பார்க்கிறாரோ, அப்படித்தான் உயர்சாதி இந்தியர் இந்தியப் பழங்குடியினரைப் பார்க்கிறார்; ஆகவே அவரும் வெள்ளையரே. சாதியைக் கப்பலேற்றி அனுப்பியதோடு நிற்காமல், கோர்ட்டில் அதையே சான்றிதழாகவும் நீட்டினார்கள்.

கல்யாணம் என்றதும் பெண்கள் வந்துவிடுகிறார்கள். வெளிநாட்டவரை மணக்கும் அமெரிக்கப் பெண்ணுக்குக் குடியுரிமை போய்விடும் என்பது 1907ஆம் ஆண்டுச் சட்டம். ஆணுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. அவன் யாரைக் கட்டிக்கொண்டாலும் அமெரிக்கன்தான். 1922இல், கேபிள் என்பவர் பெயரால் அழைக்கப்பட்ட கேபிள் சட்டம் இதைத் தளர்த்தியது. ஆனால் குடியுரிமைக்குத் தகுதியில்லாத இனத்தவரை மணந்தவளுக்குச் சலுகை இல்லை. திண்ட் தீர்ப்புக்குப் பிறகு இந்தியரும் அந்தப் பட்டியலில் சேர்ந்தார்கள். வங்க விடுதலைப் போராளி தாரக்நாத் தாஸை மணந்த மேரி கீட்டிங் தாஸ், சாதாரண ஜனங்களின் கணக்கிலும் சந்தேகமே இல்லாத வெள்ளைக்காரி. அவருக்கும் குடியுரிமை இல்லாமல் போனது. கணவனின் இனம்தான் அவர் தலையெழுத்தை எழுதியது. அவர் பெண் என்பதால்தான் அது செல்லுபடியானது. 1931இல்தான் அந்த விதிவிலக்கை நீக்கினார்கள்.

திண்டுக்கு 1936இல் குடியுரிமை கிடைத்தது, போரில் சேவை செய்தவர்களுக்காக முந்தைய ஆண்டு வந்த ஒரு சட்டத்தின் பேரில். வெள்ளையர் என்று அவரை யாரும் ஒப்புக்கொள்ள வேண்டிய அவசியமே அதில் இல்லை.