அறக்கொட்டியும் சிலந்தியும்

வணக்கம். உயிர்கள் ஒன்றையொன்று நம்பி எப்படி வாழ்கின்றன என்று பேசச் சொல்லிக் கூப்பிட்டார்கள். யானை, வாவி, கண்டல் காடு என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் வயலைப் பற்றித்தான் பேசப்போகிறேன், ஏனென்றால் இந்த மார்கழியில் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் யாரைக் கண்டாலும் முதல் கதை, நெல்லின் தண்டில் சாறுறிஞ்சும் அறக்கொட்டிப் பூச்சிதான்.

என் மச்சானுடைய வயல் உன்னிச்சைக் குளத்துக்குக் கீழே. இரண்டு வருஷத்துக்கு முன்னர் ஒரு விடியற்காலை போன் எடுத்தார். "மச்சான், நடு வயலுக்குள்ள வட்டமா எரிஞ்ச மாதிரிக் கிடக்கு, ஒருக்கா வாங்க." போனேன். சுற்றிவரப் பச்சை, நடுவில் மட்டும் யாரோ பாய் விரித்த மாதிரிக் காய்ந்த வைக்கோல் நிறம். அதன் ஓரத்தில் வேளாண்மையை, அதாவது நெற்பயிரை, இரண்டு கையாலும் விலக்கித் தூரைப் பார்த்தால், தண்ணீருக்குச் சற்று மேலே அரிசிக் குறுணி அளவில் கபில நிறப் பூச்சிகள் அப்பிக் கிடந்தன, விரலால் தட்டினால் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் தண்டைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய் ஒளிந்தன.

"எப்ப மருந்து அடிச்ச நீங்க?" என்று கேட்டேன். விதைத்து ஒரு மாதத்தில் இலை சுருட்டிப் புழுவுக்கு ஒருமுறை, பிறகு "சும்மா ஒரு காவலுக்கு" இன்னொருமுறை. அந்தக் காவல்தான் காவல்காரரைக் கொன்றது.

வயலில் கொஞ்சம் குனிந்து பார்த்தால் தெரியும். மழைக்கு உழுது சேறாக்கியதும் போன போகத்து வைக்கோல் தண்ணீருக்குள் அழுகும், அந்த அழுகலைத் தின்று கொசு மாதிரி, ஆனால் கடிக்காத சின்னப் பூச்சிகள் பெருகும். நமக்கு அதால் நட்டமுமில்லை, இலாபமுமில்லை என்றுதான் நினைப்போம். ஆனால் அறக்கொட்டி வருவதற்கு முந்திய அந்த வாரங்களில் சிலந்திகளுக்குச் சாப்பாடு அதுதான். வரம்புப் புல்லுக்குள்ளிருந்து இறங்கி வரும் ஓநாய்ச் சிலந்தி வலை பின்னாது, தண்ணீர்மேல் ஓடி ஓடி வேட்டையாடும். முட்டைப் பையைப் பின்னால் கட்டிக்கொண்டு திரியும், பொரித்த குஞ்சுகள் தாயின் முதுகில் ஏறிச் சவாரி போகும். வளர்ந்த ஒன்று ஒரு நாளைக்கு ஐந்துக்கு மேலே அறக்கொட்டி தின்னும். அப்புறம் பச்சை உடம்பும் கறுத்த தலையுமாக, சோற்றுப் பருக்கையில் பாதிகூட இல்லாத இன்னொரு பூச்சி, அது அறக்கொட்டியின் முட்டையைத் தேடிப் பிடித்துக் குத்தி உறிஞ்சும்.

இனி மருந்தின் கதை. சிலந்தி வெளியே ஓடித்திரிவது, உடனே செத்துப்போகும். அறக்கொட்டியிலும் நிறையச் சாகும், பொய் சொல்லக்கூடாது. ஆனால் அதன் முட்டை தண்டின் இலையுறைக்குள் செருகிக் கிடக்கிறது, பல மருந்துகள் அங்கே எட்டாது. ஒரு கிழமை, பத்து நாளில் பொரித்து வரும்போது தின்ன ஆளில்லாத வயல். சிலந்தி திரும்பப் பெருகுமுன் இது ஒரு தலைமுறை முடித்துவிடும். அதற்குமேல் யூரியாவை அள்ளி வீசி, நெருக்கமாகவும் விதைத்து வைத்தால், அடியில் நிழலும் ஈரமும், தண்டில் இனிப்பான சாறும், விருந்துதான்.

இந்தோனேசியாவில் இதே கூத்து நாடளவில் நடந்தது. கடைசியில் 1986இல் அரசாங்கமே நெல்லுக்கு அடிக்கும் 57 மருந்துகளைத் தடைசெய்தது. நம் இலங்கையிலோ இந்தப் பூச்சியைத் தாங்கும் ரத்து ஹீனட்டி என்ற பழைய நெல் இருக்கிறது. அதன் குணத்தை எடுத்துப் புது இனங்கள் உண்டாக்கினார்கள், நாமோ அந்தப் பெயரையே மறந்துவிட்டோம்.

மச்சானுக்கு அன்று நான் சொன்னது இவ்வளவுதான்: வரம்பில் தண்ணீர் போகும் வக்கடையைத் திறந்து தண்ணீரை வடிய விடுங்கள், வேளாண்மையை இடைக்கிடை வகிடு பிரித்து வெயில் படச் செய்யுங்கள், மருந்து அடிப்பதென்றால் எரிந்த இடத்துக்கும் அதன் ஓரத்துக்கும் மட்டும் பார்த்து அடியுங்கள், முழு வயலுக்கும் போகாதீர்கள். பாதி கேட்டார், பாதி கேட்கவில்லை. அறுவடை வெட்டில் அந்த வட்டம் நட்டம், மற்றது தப்பியது.

இந்த மாரி வரம்புப் புல்லுக்குக் களைநாசினி அடிக்காமல் கத்தியால் வெட்டியிருக்கிறார். போன கிழமை வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார், மங்கல், பாதிக்கு மேல் அவர் பெருவிரல்தான் தெரிந்தது. ஓரத்தில் முதுகு நிறையக் குஞ்சோடு ஒரு சிலந்தி. கீழே, "இது நம்மட ஆளா மச்சான்?" என்று கேட்டிருந்தார்.