நாலு மணி டப்பாவிலிருந்து தொடங்கலாம்

நேயர்களுக்கு வணக்கம்.

பாக்கெட் உணவைக் குறைக்க வேண்டும் என்று முடிவெடுத்ததும் பலர் அலமாரியைத் திறந்து, இருப்பதையெல்லாம் ஒரே நாளில் அள்ளி வெளியே போட்டுவிடுகிறார்கள். அடுத்த மாத மளிகைச் சாமானோடு எல்லாம் திரும்பி வந்துவிடும். ஏனென்றால் அவை காரணமில்லாமல் வீட்டுக்குள் வரவில்லை. நேரமில்லாத வேளைகளில் கைகொடுப்பதால் வந்தன. பாக்கெட்டை மட்டும் எடுத்துவிட்டு அந்த வேளைக்கு வேறு ஏற்பாடு செய்யாவிட்டால், வேலை முழுக்க சமைப்பவர் தலையில் விழும். அது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, எதைக் குறைப்பது? புழுங்கல் அரிசிகூட நெல்லை ஊறவைத்து, அவித்து, காயவைத்து வருவதுதான். தயிரும் வற்றலும் பதப்படுத்தியவைதான். இவற்றோடு நமக்குச் சண்டையில்லை. பிரேசிலில் சாவோ பாவ்லோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்லோஸ் மான்டெய்ரோ குழுவினர், உணவுகளை நான்கு வகையாகப் பிரித்து அதற்கு நோவா என்று பெயர் வைத்தார்கள். அதில் நான்காவது வகைதான் நமக்குக் கவலை: மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்துப் பொடி, எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் பிடித்துவைக்கும் எமல்சிஃபயர், செயற்கை மணம் என்று நம் அடுக்களையில் இல்லாத பொருட்களைச் சேர்த்து ஆலையில் செய்பவை.

2019இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் ஒரு சோதனை நடத்தினார். 20 பேரை அங்கேயே தங்கவைத்து, இரண்டு வாரம் இந்த நான்காம் வகை உணவு, இரண்டு வாரம் சாதாரண உணவு கொடுத்தார்கள். பரிமாறிய சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு. வேண்டிய மட்டும் சாப்பிடலாம். ஆலை உணவு சாப்பிட்ட நாட்களில் அவர்கள் தினம் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். எடையும் சுமார் ஒரு கிலோ ஏறியது. சாப்பிட்ட வேகமும் கூடியிருந்தது. மெல்லும் வேலையே இல்லாமல் தொண்டைக்குள் இறங்கும் உணவு, வயிறு போதும் என்று சொல்வதற்குள் தீர்ந்துவிடுகிறது.

அதனால் நான் மாலை நாலு மணியிலிருந்து தொடங்கச் சொல்வேன். காலை டிபனும் மதியச் சாப்பாடும் பெரும்பாலான வீடுகளில் இன்னும் ஒழுங்காகத்தான் இருக்கின்றன. பிஸ்கட்டும் சிப்ஸும் நுழைவது டீ வேளையில்தான். அந்த டப்பாவில் வறுத்த வேர்க்கடலையும் பொட்டுக்கடலையும் ஒரு துண்டு வெல்லமும் போட்டு வையுங்கள். பக்கத்தில் ஒரு சீப்பு வாழைப்பழம். இதற்கு யாரும் அடுப்பைப் பற்றவைக்க வேண்டாம். சுண்டல் செய்வதென்றால், ராத்திரி கடலையை ஊறப்போடுவது வீட்டு ஆண்களின் வேலையாக இருக்கட்டும். அதற்குச் சமையல் தெரிய வேண்டியதில்லை.

இது பழகிய பிறகு லேபிள் பக்கம் போகலாம். சேர்க்கப்பட்ட பொருட்களை எடை அதிகமானதிலிருந்து வரிசையாக அச்சிட்டிருப்பார்கள். முதல் மூன்றில் சர்க்கரை வந்தால், அட்டையில் கோதுமைக் கதிர் படம் இருந்தாலும் அது மிட்டாய் ஜாதிதான். பாலில் கலக்கும் சத்துமாவு டின்களை இப்படி ஒரு தடவை திருப்பிப் பாருங்கள். உப்பைக் கண்டுபிடிக்க, சோடியம் என்று போட்டிருக்கும் எண்ணை இரண்டரையால் பெருக்குங்கள். 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு. நாள் முழுவதற்குமே 5 கிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார அமைப்பு.

நூடுல்ஸைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகள் போர்க்கொடி தூக்குவார்கள். அதில் உப்பின் பெரும்பகுதி மசாலா பொட்டலத்தில்தான் இருக்கிறது. முதலில் கால் பங்கு மசாலாவைக் குறைத்து, கேரட், பீன்ஸ், ஒரு முட்டை சேருங்கள். நாக்கு குறைந்த உப்புக்குப் பழகச் சில வாரங்கள் ஆகும். அப்புறம் பாதி மசாலா போதும். அதற்கடுத்து, அதே காய்களோடு வீட்டிலிருக்கும் சேமியாவைக் கிளறிக் கொடுத்துப் பாருங்கள். பள்ளி வாசல் கடையில் அவர்கள் வாங்கித் தின்பதை இப்போதைக்குக் கண்டுகொள்ள வேண்டாம்.

நன்றி, வணக்கம்.