சிரிப்பு நடிகர் கையில் ஒரு பைனாகுலர்

(லண்டனில் தமிழ்க் குடும்பங்களின் ஜனவரி மாத ஒன்றுகூடலில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, பின்வரிசையில் கைபேசியோடு ஒதுங்கியிருக்கும் பிள்ளைகளே, வணக்கம்.

பறவைகளைப் பற்றிப் பேச அழைத்தார்கள். நான் தொலைக்காட்சியைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன். என்னைப் பறவை பார்க்க வைத்தது வீட்டுக் கூடத்தில் இருந்த அந்தப் பெட்டிதான்.

பில் ஆடி என்றொரு மனிதர். 1970களில் 'தி குடீஸ்' என்ற நகைச்சுவைத் தொடரில், மூன்று பேர் ஏறி மிதிக்கும் ஒரே சைக்கிளில் வந்து இந்த நாட்டைச் சிரிக்க வைத்தவர். சிறுவயதிலிருந்தே அவருக்குப் பறவைப் பித்து. 1997இல் பிபிசி அவர் கையில் பைனாகுலரைக் கொடுத்து ஒரு தொடரே நடத்தியது. பறவையியல் அறிஞர் ஒருவர் வந்து இலத்தீன் பெயர் சொல்லியிருந்தால் நான் அலைவரிசையை மாற்றியிருப்பேன். தாடியும் கலைந்த தலையுமாக, நேற்றுவரை சிரிக்க வைத்தவர் புதருக்குள் எட்டிப் பார்த்தால், நமக்கும் எட்டிப் பார்க்கத் தோன்றுகிறது.

இதற்கெல்லாம் முன்னோடி குழந்தைகள் நிகழ்ச்சியான 'புளூ பீட்டர்'. 1979இல் அரச பறவைப் பாதுகாப்புச் சங்கம், தன் இளம் உறுப்பினர்கள் குளிர்காலத்தில் வீட்டுத் தோட்டத்துப் பறவைகளை எண்ணட்டும் என்று ஒரு சிறு வேலை கொடுத்தது. நிகழ்ச்சியில் அதைச் சொன்னார்கள், அவ்வளவுதான். வந்து குவிந்த படிவங்கள் 34,000! அன்று பிள்ளை விளையாட்டாகத் தொடங்கிய கணக்குதான், சிட்டுக்குருவியும் மைனா இனத்து ஸ்டார்லிங்கும் தோட்டங்களில் எவ்வளவு குறைந்துவிட்டன என்பதை இன்று காட்டிக்கொண்டிருக்கிறது.

2005இல் பிபிசியின் 'ஸ்பிரிங்வாட்ச்' என்ற இயற்கைத் தொடர் வந்தது. கூட்டுப்பெட்டிக்குள் சிறு கேமரா, மாலையானால் நேரலை. நம் ஊர்ப் பட்டாணிக்குருவியின் பங்காளியான புளூ டிட், குஞ்சுகளுக்குப் புழு கொண்டுவருவதும் போவதும்தான் கதை. அந்தக் குஞ்சுகள் பொரித்துப் பறக்க ஏறத்தாழ மூன்று வாரம் ஆகும். முதல் தொடரும் மூன்று வாரம் ஓடியது. மெகாசீரியல் எழுதுபவர்கள் பொறாமைப்பட வேண்டிய பொருத்தம்! கடைக்குட்டி பிழைக்குமா, மழை நாளில் புழு கிடைக்குமா என்று இரவெல்லாம் கவலைப்பட்ட வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். தொலைக்காட்சியில் பறவை திரை நிறைய நின்று நம்மைப் பார்க்கிறது. வெளியே போனால் பழுப்பாக ஏதோ ஒன்று கிளையிலிருந்து விருட்டென்று மறைகிறது. என் முதல் மாதம் முழுவதும் பைனாகுலரில் வெறும் இலைகளைத்தான் பார்த்தேன். பறவையை விட்டுக் குனிந்து கருவியைத் தேடுவதுதான் தவறு. பார்வை பறவை மேலேயே இருக்கட்டும். பைனாகுலரைக் கண்ணுக்கு உயர்த்துங்கள். முதலில் வெறுங்கண்ணாலேயே ராபினைப் பாருங்கள். இந்தக் குளிரிலும் பாடுகிற பறவை அது. தெருவிளக்கு வெளிச்சத்தில் இரவில்கூடப் பாடும்.

இம்மாதக் கடைசி வார இறுதியில், முன்பு சொன்ன அந்தத் தோட்டப் பறவைக் கணக்கெடுப்பு வருகிறது. ஒரு மணி நேரம் ஜன்னலருகே உட்கார்ந்தால் போதும். ஒவ்வொரு இனத்திலும் ஒரே நேரத்தில் அதிகபட்சம் எத்தனை கண்ணில் பட்டன என்பதை மட்டும் எழுத வேண்டும். முதலில் இரண்டு குருவி, பிறகு ஐந்து, பிறகு மூன்று என்றால் விடை ஐந்து. பத்து என்று கூட்டிவிடாதீர்கள்.

முதல் ஆண்டு நான் பெருமையோடு ஏழு ராபின் என்று எழுதிவிட்டு எழுந்தேன். படிவத்தைப் பார்த்த என் மகள் சொன்னாள்: "அப்பா, அது ஒரே ராபின். ஏழு தடவை வந்தது."