பிடி 40 ஹோல்டர் எஸ்கே 40 ஸ்பிண்டில்ல சேருமா?

வணக்கம் நண்பர்களே. ஐரோப்பாவுல இருந்து வந்த பழைய விஎம்சி (செங்குத்து சிஎன்சி மில்லிங் மெஷின்) ஒண்ணு வாங்குறீங்க, ஸ்பிண்டில் (டூலைச் சுத்துற தண்டு) ஐரோப்பிய அளவான எஸ்கே 40. ஏற்கெனவே உங்ககிட்ட ஜப்பான் அளவான பிடி 40 ஹோல்டர் (டூலைப் பிடிச்சு ஸ்பிண்டில்ல உட்கார்ற கூம்பு) நிறைய இருக்கு. போட்டு ஓட்டலாமா? கூடாது. ஏன்னு பார்ப்போம்.

கோன் ரெண்டுக்கும் ஒண்ணுதான். 7/24 டேப்பர், 24 எம்எம் நீளத்துக்கு விட்டம் 7 எம்எம் குறையும். கேஜ் லைன்ல, அதாவது கோனோட பெரிய பக்கம் அளவெடுக்கிற கோட்டுல, விட்டம் 44.45 எம்எம். அதனால கையால தள்ளினா அழகா போய் உட்காரும். அதை நம்பித்தான் ஏமாந்துடுறாங்க.

கோனோட பெரிய பக்கத்துல இருக்கிற ஃபிளாஞ்சை (வளையத்தை) பாருங்க. அதுல சுத்தி வெட்டியிருக்கிற வி குரூவோட (வி வடிவப் பள்ளத்தோட) நடு, கேஜ் லைன்ல இருந்து பிடில 16.6 எம்எம், எஸ்கேல 11.1. டூலைத் தானா மாத்துற ஏடிசியோட கிரிப்பருக்கு 5.5 எம்எம் தள்ளிப்போகுது. குரூவ்ல போகாம ஃபிளாஞ்சுல இடிக்கும்.

அதைவிட ஆபத்து பின்னாடி, புல் ஸ்டட்ல (ஹோல்டரை ஸ்பிண்டிலுக்குள்ள இழுத்துப் பிடிக்கிறதுக்கான திருகு). ரெண்டுலயும் மரை எம் 16தான், மாத்தி மாட்டினாலும் சுத்தமா ஏறிடும். ஆனா வெர்னியர் வச்சுப் பாருங்க: பிடி ஸ்டட்டோட தலை 15, கழுத்து 10. எஸ்கே ஸ்டட் தலை 19, கழுத்து 14. ஸ்பிண்டிலுக்குள்ள பெரிய தலைக்குச் செஞ்ச கிரிப்பர் சின்னத் தலையை நம்பிக்கையாப் பிடிக்காது. ஸ்பிண்டில் சுத்துறப்போ ஹோல்டர் கழண்டா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

சரி, பிடி ஹோல்டர்லயே எஸ்கே ஸ்டட்டைப் போட்டுட்டா? அதுவும் ஆகாது. பிடி கோன் நீளம் 65.4, எஸ்கே 68.4. தலை 3 எம்எம் கீழ நின்னுடும். ஸ்டட்டை உள்ள இழுக்கிற டிரா பார் சரியான இடத்துல கவ்வாது, அன்கிளாம்ப்ல (ஹோல்டரை விடுவிக்கிறப்போ) தள்ளவும் எட்டாது, ஹோல்டர் கோன்லயே சிக்கி நிக்கும்.

அமெரிக்க அளவான கேட் 40 ஹோல்டர்ல வேற வம்பு. அதுல மரை 5/8 அங்குலம், அங்குலத்துக்கு 11 மரை. எம் 16 ஸ்டட் ரெண்டு சுத்து ஏறி இறுகும். ஸ்பேனர் போட்டு அழுத்தினா மரை காலி.

பிடிக்குள்ளயே ஸ்டட் 45, 60, 90 டிகிரின்னு வருது. கிரிப்பர் எந்த கோணமோ அதேதான் போடணும். மாறினா விளிம்புல மட்டும் பிடிச்சு, கழுத்துல விரிசல் விடும்.

ஸ்டட்டை பைப் போட்டு இறுக்காதீங்க, டார்க் ரென்ச் வேணும். அதிகமா இறுக்கினா கோனோட சின்ன முனை உப்பிடும். ப்ளூ (எங்க ஒட்டுதுன்னு காட்டுற நீல மை) போட்டா தெரியும்: ஸ்பிண்டிலைத் துடைச்சு, ஹோல்டர்ல நீளவாக்குல மூணு மெல்லிய கோடு போட்டு, திருப்பாம தள்ளி எடுங்க. பெரிய பக்கம் கண்டிப்பா ஒட்டியிருக்கணும். சின்ன பக்கம் மட்டும் ஒட்டியிருந்தா ஸ்டட்டைக் கழட்டிட்டு மறுபடி பாருங்க. அப்போ சரியா வந்தா இறுக்குனதுதான் காரணம்.

கையால ஓட்டுற, என்டி 40 ஸ்பிண்டில் (இதே 7/24 கோன்ல இன்னொரு வகை) இருக்கிற மில்லிங் மெஷின்ல மட்டும் பிடி ஹோல்டரை ஸ்டட் கழட்டிட்டுப் போடலாம். என்டி கோன் 93.4 எம்எம், அதனால டிரா பார் 28 எம்எம் அதிகமா உள்ள வரணும். என்டி ஹோல்டரை விஎம்சில போட முடியாது, அதுல வி குரூவே கிடையாது.

ஆர்டர் கொடுக்கிறப்போ "40 டேப்பர்"னு மட்டும் எழுதாதீங்க. பிடி, எஸ்கே, கேட் இதுல எது, ஸ்டட் மரை, தலை விட்டம், கோணம், நடுவுல கூலன்ட் துளை வேணுமா, இத்தனையும் எழுதி, மெஷின்ல இருந்து கழட்டின பழைய ஸ்டட் போட்டோவையும் அளவோட அனுப்புங்க.