ஒரு கையெழுத்தும் ஒரு விமானப் பயணமும்: 'சிங்கம்', 'சிங்கம் 2'

(திரை இருட்டாக இருக்கிறது. பேனா காகிதத்தில் உரசும் ஓசை மட்டும்.)

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர், சேட்ஸ்வர்த் பகுதியிலிருந்து பேசுகிறேன். 2010 மே மாதம் வந்தது 'சிங்கம்'. 2013 ஜூலையில் வந்தது 'சிங்கம் 2'. இரண்டையும் இயக்கியவர் ஹரி. இசை தேவி ஸ்ரீ பிரசாத், ஒளிப்பதிவு பிரியன். சூர்யா, அனுஷ்கா, விவேக் மூன்று பேரும் இரண்டிலும் உண்டு. ஆட்கள் மாறவில்லை. ஆனாலும் முதல் படம்தான் இன்றைக்கும் என் மனதை விட்டுப் போகவில்லை. அதற்குக் காரணம் ஒரு கையெழுத்து என்பேன்.

(திரையில்: மேசை, ஒரு பதிவேடு.)

கதையை நினைத்துப் பாருங்கள். பிரகாஷ்ராஜ் நடித்த மயில்வாகனம் சென்னையையே மிரட்டிப் பணம் பறிப்பவன். நிபந்தனை ஜாமீனில் வெளியே வருகிறான். தூத்துக்குடிப் பக்கம் நல்லூர் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும். தான் போகாமல் வேறு ஆளை அனுப்புகிறான். சூர்யா நடித்த எஸ்.ஐ. துரைசிங்கம் ஒத்துக்கொள்ளவில்லை. நீயே நேரில் வந்து போடு என்கிறார். அவ்வளவுதான், முழுப் படமும் இதிலிருந்துதான் கிளம்புகிறது.

வெடிகுண்டு இல்லை, கப்பல் இல்லை. ஒரு பெரிய ரவுடி சின்ன ஊர் ஸ்டேஷனில் குனிந்து பேனா பிடிக்கிறான். துரைசிங்கத்துக்குப் பின்னால் ஊரே நிற்கிறது. அந்த அவமானத்தைத் தாங்க முடியாமல்தான் மயில்வாகனம் செல்வாக்கைப் பயன்படுத்தி, பதவி உயர்வு என்ற பெயரில் அவரைத் திருவான்மியூருக்கு மாற்ற வைக்கிறான். அங்கே ஊர்க்காரர்கள் இல்லை, மேலதிகாரியின் ஆதரவும் இல்லை. ஊருக்கே திரும்பிவிடலாம் என்று அவர் சோர்ந்துபோகிற இடம் வருகிறது பாருங்கள், அதற்குப் பிறகு விழுகிற ஒவ்வொரு அடியும் நாமே அடித்த மாதிரி இருக்கும். 'ஓங்கி அடிச்சா ஒன்றரை டன் வெயிட்டு' என்று துரைசிங்கம் வசனம் பேசுவாரே, அந்த எடை கையில் மட்டுமா இருந்தது? நல்லூரில் மதிப்பாக இருந்தவர் சென்னையில் தனியாக நின்றாரே, அதிலும் இருந்தது.

சரி, இரண்டாம் பாகம். தொடக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். வேலையை விட்டுவிட்டதாக ஊரை நம்ப வைத்து, பள்ளிக்கூடத்தில் என்.சி.சி. பயிற்சி கொடுத்துக்கொண்டே கடத்தலைக் கண்காணிக்கிறார். நல்ல யோசனை. ஆனால் உள்துறை அமைச்சரே அவர் பக்கம் இருக்கிறார். அவரை யார் இடம் மாற்றிவிட முடியும்? அந்தப் பயம் போனதும் பதற்றமும் பாதி போய்விடுகிறது. வில்லன்களும் பாய், தங்கராஜ், டேனி என்று மூன்று பேர். நம் கோபம் மூன்று பங்காகப் பிரிகிறது. மயில்வாகனத்தை வெறுத்த அளவுக்கு இவர்களில் ஒருவரைக்கூட என்னால் வெறுக்க முடியவில்லை.

வேகம் மட்டும் குறையவில்லை. சண்டைகளும் பெரிதாகியிருக்கின்றன. அதில் குறை சொல்ல எதுவும் இல்லை.

(திரையில்: டர்பன் துறைமுகம், காலை நேரம்.)

இனி நம் ஊருக்கு வருவோம். தூத்துக்குடியில் கைக்குச் சிக்கித் தப்பிப்போன டேனியைப் பிடிக்க, துரைசிங்கம் தென்னாப்பிரிக்காவுக்கே வருகிறார். டேனியாக நடித்தவர் பிரிட்டிஷ் நடிகர் டேனி சபானி. படத்தை என் ஆயாவோடு, அதாவது பாட்டியோடு, தியேட்டரில் பார்த்தேன். டர்பன் என்ற பெயர் வந்ததும் ஆயா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். "நம்ம டர்பனா?" என்றார். இங்கிலீஷ் சப்டைட்டிலை நம்பிப் படம் பார்க்கிற பிள்ளைகள்கூடக் கைதட்டினார்கள்.

மதராஸிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று ஒப்பந்தக் கூலிகளை இறக்கியது இந்தத் துறைமுகத்தில்தான். கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்கள் கோயில் கட்டினார்கள், காவடி எடுத்தார்கள், பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தார்கள். அதனால்தான் கிளைமாக்ஸ் எனக்குக் கொஞ்சம் ஏக்கத்தைத் தந்தது. நல்லூரில் துரைசிங்கத்துக்கு ஒவ்வொரு வீடும் தெரியும். டர்பனில் அவர் வாரண்டோடு வந்து போகிற விருந்தாளி. நல்லூர் சனங்கள் அவருக்குப் பின்னால் நின்றது போல இங்கே ஒரு சேட்ஸ்வர்த் தெரு நின்றிருந்தால்? அந்தக் காட்சியை இன்றும் மனதுக்குள் ஓட்டிப் பார்க்கிறேன்.

ஆயாவுக்கு டர்பன் காட்சிகள் ரொம்பப் பிடித்தன. ஆனாலும் வீட்டில் எதைப் போடட்டும் என்று கேட்டால், "அந்தக் கையெழுத்துப் படம்" என்றுதான் சொல்வார்.