வலித்ததை வலித்தது என்றே சொல்வோம்

நடுவர் அவர்களே, பொங்கல் விழாவுக்குத் திரண்டிருக்கும் பெரியவர்களே, தாய்மார்களே, வணக்கம். "சிக்கனமாக உடுத்தி வளர்ந்த பிள்ளைப் பருவம் நினைக்க இனிப்பதா, வலிப்பதா?" என்பது தலைப்பு. வலிப்பதே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய அண்ணன், தீபாவளிக்கு ஒரே துணியை மொத்தமாக எடுத்து அண்ணன் தம்பி எல்லாருக்கும் ஒரே மாதிரி சட்டை தைத்ததை அழகாகச் சொன்னார். கை தட்டினீர்கள். ஆனால் அவர் வீட்டுக்கு மூத்த பிள்ளை. அவர் சட்டை சின்னதானால் தம்பிக்கு, தம்பியுடையது சின்னதானால் அடுத்தவனுக்கு. எல்லாம் ஒரே துணி. அப்படியானால் கடைசிப் பிள்ளை அதே கட்டத்தை, அதே நிறத்தை எத்தனை வருடம் போட்டிருப்பான்? அவனைக் கூப்பிட்டு இனித்ததா என்று கேளுங்கள்.

நான் வீட்டில் இரண்டாவது பெண். அக்காவுக்குப் பாவாடை தைக்கும்போதே, வளரும் பிள்ளை என்று அம்மா கீழே துணியை மடித்து டக் வைக்கச் சொல்லிவிடுவார். வருடத்துக்கு ஒன்றாகப் பிரிப்பார். பிரித்த இடம் புதுத்துணி போல அடர்ந்த நிறத்தில் இருக்கும். மற்ற இடமெல்லாம் வெயிலிலும் சோப்பிலும் வெளுத்திருக்கும். அந்தப் பாவாடை என்னிடம் வரும்போது நான் குள்ளம், மறுபடி டக் பிடிப்பார்கள். பழைய தையல் ஓட்டையும் நிறம் மாறிய பட்டையும் அப்படியே தெரியும். வகுப்பில் ஒருத்தி அந்தப் பட்டைகளை விரல் வைத்து எண்ணி, "இது எத்தனாவது வருஷம்டி?" என்று கேட்பாள். மறைக்க வழியே கிடையாது. உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவே மனசு வராது.

சீருடை ஒரே ஜோடி. ராத்திரி துவைத்துக் காலையில் போட வேண்டும். நம் ஊர் ஐப்பசி கார்த்திகை மழையில் துணி எங்கே காயும்? அம்மா அடுப்புக்கு மேலே கொடி கட்டிப் போடுவார், சொம்பில் தணல் அள்ளித் தேய்த்துப் பார்ப்பார். ஈரமும் புகை நாற்றமுமாகத்தான் பள்ளிக்கூடம் போவோம்.

சிக்கனம் நம் குணம் என்கிறது எதிரணி. குணம் பாதி, தண்ணீர் பாதி. ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறந்து, குறுவை நெல் விளைந்து, அறுப்பு நேரத்தில் மழை பிடிக்காமல் இருந்தால்தான் நம் காவிரி டெல்டாவில் தீபாவளித் துணி. நெல் நனைந்துவிட்டால் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று சொல்லி வாங்க மாட்டார்கள். அப்பா களத்திலேயே நெல்லைத் துழாவிக்கொண்டு கிடப்பார். அந்த வருடம் கும்பகோணம் ஜவுளிக்கடைப் பக்கம் யாரும் பேச்செடுக்க மாட்டோம். கேட்கக் கூடாது என்று ஒரு குழந்தைக்குத் தெரிந்திருப்பதை நல்ல வளர்ப்பு என்கிறார்கள். அந்தக் குழந்தை நான். எனக்கு அது பயமாகத்தான் இருந்தது.

சரி, செருப்புக்கு வருகிறேன். ஹவாய் செருப்பின் வார் பிய்ந்தால் அடியில் ஊக்கு குத்திப் போடுவோம். நடக்க நடக்க ஊக்கு திறந்து உள்ளங்காலில் ஏறும். அந்தச் செருப்பும் ஊருக்குப் போகும்போது மட்டும்தான். மற்ற நாளெல்லாம் வரப்பிலும் சேற்றிலும் வெறுங்கால். மழைக்காலம் முழுக்க விரலிடுக்கில் சேற்றுப்புண், ராத்திரியானால் மருதாணி அரைத்துக் கட்டுவார்கள். வெறுங்காலோடு மண்ணைத் தொட்டு வாழ்ந்தோம் என்று எதிரணியில் உருகினார்கள். அந்த ஈர மண்ணிலிருந்துதான் கொக்கிப்புழு பாதத்தின் தோலைத் துளைத்து உள்ளே போகிறது, குடலில் தங்கி ரத்தத்தைக் குடிக்கிறது. எத்தனை பிள்ளைகள் சோகை பிடித்து, வகுப்பில் தூங்கி வழிந்து, மக்கு என்று பெயர் வாங்கினார்களோ!

இன்னொன்றையும் இந்த மேடையில் சொல்லியே ஆக வேண்டும். இதே டெல்டாவில், செருப்பு இருந்தும் சில தெருக்களில் அதைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டியிருந்தவர்கள் உண்டு. வெறுங்கால் எல்லாருக்கும் ஒரே மாதிரி நினைவாக இருக்க முடியாது.

1985-இல் சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு அரசு இலவசச் சீருடை கொடுக்க ஆரம்பித்தது. 2012-இல் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலணியும் கொடுப்பதாக அறிவித்தது. இனித்த ஒன்றை மாற்றவா இத்தனை கோடி செலவழித்தார்கள், நடுவர் அவர்களே?

அம்மாவின் அன்பைக் குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். தனக்கென்று ஒரு புடவை எடுக்காமல் எங்களுக்குத் தைத்தவர் அவர். எதிரணி அந்த அன்பைத்தான் இனிப்பு என்கிறது. அன்பு இருந்தது, வலியும் இருந்தது. ஒன்றைக் காட்டி இன்னொன்றை மறைக்காதீர்கள். அதற்கு என் சாட்சியே அம்மாதான். போன தீபாவளிக்கு என் பெண்ணுக்குப் பாவாடை தைக்க அவரும் கூட வந்தார். வளர்கிற பிள்ளைதானே, ரெண்டு டக் வைக்கட்டுமா என்று தையற்காரர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொன்னார்: "டக்கெல்லாம் வேண்டாம் தம்பி. அளவாத் தைச்சுக் குடு. சின்னதாப் போனா வேற எடுத்துக்கலாம்."

அந்த டக்கை வைத்தவரே வேண்டாம் என்கிறார். அதற்கு எதிரணித் தலைவர் பதில் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.