கொஞ்சம் நடந்து பாருன்னு சொல்றவங்களுக்கு

வணக்கம் மக்களே. இன்னைக்கு படுத்துக்கிட்டேதான் பேசப்போறேன். ஸ்டாண்டை கட்டில் பக்கத்துலயே மாட்டியாச்சு. ரூம் இருட்டா இருக்கும், எனக்கு வெளிச்சம் ஆகல, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க. அப்புறம் இது ஒரே மூச்சுல எடுத்த வீடியோ இல்ல. ரெண்டு நிமிஷம் பேசுவேன், நிறுத்துவேன், எங்க வீட்டுக்காரர் எல்லாத்தையும் ஒட்டிக் கொடுப்பார். நடுவுல நைட்டி மாறியிருந்தா வேற நாள்னு புரிஞ்சுக்கோங்க.

போன வீடியோவுக்குக் கீழ ஒரு அக்கா அன்பாத்தான் எழுதியிருந்தாங்க. தினமும் பத்து நிமிஷம் நட, அடுத்த வாரம் பதினஞ்சு, அப்புறம் இருபது, உடம்பு தானா பழகிடும்மான்னு. எங்க அம்மாவும் மதுரைல இருந்து இதையேதான் சொல்றாங்க, கூடவே முருங்கைக்கீரை சூப். கோவமெல்லாம் இல்லக்கா. ஆனா நீங்க சொன்ன அதே பத்து, பதினஞ்சு, இருபது இருக்கே, இங்க இங்கிலாந்துல அதுதான் 2007ல இருந்து 2021 வரைக்கும் என்னோட எம்.இ. நோய்க்கு, சிகிச்சை விதிகளை எழுதுற நைஸ் அமைப்பு, என்எச்எஸ்ங்கிற அரசு மருத்துவ சேவைக்குக் கொடுத்த வழிகாட்டுதல். கிரேடட் எக்சர்சைஸ் தெரப்பின்னு பேரு. அதை யார், எப்படி நிறுத்துனாங்கன்னுதான் இன்னைக்குப் பேசப்போறேன்.

புதுசா வந்தவங்களுக்காக ஒரு நிமிஷம். எனக்கு இருக்கிறது எம்.இ. க்ரானிக் ஃபட்டீக் சிண்ட்ரோம்னும் சொல்வாங்க. ஒரு வைரஸ் காய்ச்சல்ல ஆரம்பிச்சது. காய்ச்சல் விட்டுச்சு, அசதி விடல. ஆனா அசதி மட்டும்னா இவ்வளவு பேச்சே தேவையில்ல. இன்னைக்குத் தலைக்குக் குளிச்சேன்னு வைங்க, இன்னைக்கு ஒண்ணும் தெரியாது. நாளைக்கு, இல்ல நாளான்னைக்குத்தான் அடிச்சுப் போடும். தொண்டை வலிக்கும், கழுத்துல நெறி கட்டும், வார்த்தை வாயில வராது, குக்கர் விசில் சத்தம் மண்டையைப் பிளக்கும். இதை போஸ்ட் எக்சர்ஷனல் மெலைஸ், சுருக்கமா பெம்னு சொல்வாங்க, எங்களுக்குள்ள கிராஷ்னு சொல்லிப்போம். நடக்க நடக்க பலம் வரும்ங்கிற கணக்கு எங்களுக்குத் தலைகீழாப் போறது இதனாலதான். சில பேரு இப்படி முக்கி முக்கி நடந்துதான் நடமாட்டத்துல இருந்து படுக்கைக்குப் போயிருக்காங்க.

இந்தப் பிரச்சனை பழசு. 1955ல லண்டன் ராயல் ஃப்ரீ ஆஸ்பத்திரில திடீர்னு எம்.இ. மாதிரியே ஒரு நோய் பரவுச்சு. நோயாளிங்களுக்கு ரொம்பக் கம்மி, பெரும்பாலும் அங்க வேலை பார்த்தவங்களுக்குத்தான். கிட்டத்தட்ட 300 பேரு, அதுல நெறைய பேரு நர்ஸுங்க. ஆஸ்பத்திரியையே மூட வேண்டியதாச்சு. 15 வருஷம் கழிச்சு, 1970ல, மெக்எவடி, பியர்டுன்னு ரெண்டு மனநல டாக்டருங்க பழைய கேஸ் ஷீட்டைப் புரட்டிட்டு, இது ஹிஸ்டீரியான்னு எழுதுனாங்க. நோயாளி ஒருத்தரைக்கூடக் கூப்பிட்டுப் பரிசோதிக்கல. அதிகமா பாதிக்கப்பட்டது பொம்பளைங்கங்கிறதையே ஒரு ஆதாரமாச் சொன்னாங்க! அதுக்கு முந்தின வருஷம்தான், 1969ல, உலக சுகாதார நிறுவனம் எம்.இ.யை நரம்பு மண்டல நோய்னு பட்டியல்ல சேர்த்திருந்துச்சு. காகிதத்துல நரம்பு நோய், கிளினிக்ல மனசு நோய். இந்த ரெட்டைக் கணக்கு இன்னும் முழுசா தீரல.

சரி, முக்கியமான இடத்துக்கு வர்றேன். பேஸ் டிரையல், எம்.இ.க்கு எந்த சிகிச்சை வேலை செய்யுதுன்னு இங்கிலாந்துல பண்ணின பெரிய ஆய்வு. 641 நோயாளிங்க, கிட்டத்தட்ட 50 லட்சம் பவுண்டு செலவு. பணம் கொடுத்தவங்கள்ல டிடபிள்யூபியும் உண்டு, அதாவது நமக்கு பெனிஃபிட், அரசாங்க உதவித்தொகை, கொடுக்கிற, கொடுக்க மாட்டேங்கிற அதே டிபார்ட்மென்ட். ஆராய்ச்சியாளர்கள்ல சிலர் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு ஆலோசனை சொன்னவங்க. இது வதந்தி இல்ல, அவங்களே ஆராய்ச்சிக் கட்டுரைல எழுதியிருக்காங்க. உடற்பயிற்சியும் சிபிடிங்கிற பேச்சு சிகிச்சையும் நல்லா வேலை செய்யுதுன்னு 2011ல லான்செட்ங்கிற மருத்துவப் பத்திரிகைல வந்துச்சு. 2013ல இன்னொரு ஆராய்ச்சிக் கட்டுரை, இந்த ரெண்டு சிகிச்சைலயும் 22 சதவீதம் பேர் குணமாயிட்டாங்கன்னு. நியூஸ் பேப்பர்காரங்களுக்குக் கொண்டாட்டம்.

(தண்ணி குடிச்சுக்கிறேன்.)

இப்ப இதைக் கவனமாக் கேளுங்க. உடம்பு எவ்வளவு இயங்குதுன்னு பார்க்க 100க்கு ஒரு ஸ்கோர் உண்டு. அதுல 65 இல்ல அதுக்குக் கீழ இருந்தாத்தான் டிரையல்ல சேர முடியும், அந்த அளவுக்கு உடம்பு முடியலைன்னு அர்த்தம். 85 எடுத்தாத்தான் குணம்னு முதல்ல திட்டம் போட்டாங்க. அப்புறம் அதை 60க்கு இறக்கிட்டாங்க. 65ல உள்ள வர்றீங்க, ஒரு வருஷம் பயிற்சி பண்ணி உடம்பு இன்னும் கெட்டுப்போய் 60ல நிக்கிறீங்க. அந்தக் கணக்குல நீங்க குணமாயிட்டீங்க! சேர்ந்த அன்னைக்கே 13 சதவீதம் பேரு இந்த ஒரு அளவுகோல்ல பாஸ். நான் இதை முதல்ல படிச்சப்ப பிரெயின் ஃபாக்ல, அதான் மூளை மந்தமாகிறதுல, தப்பாப் படிக்கிறேன்னு நெனச்சு அவரை வாசிக்கச் சொன்னேன். அவர் ஆடிட்டிங் வேலை. இப்படி ஒரு கணக்கை நான் ஆபீஸ்ல கொண்டுபோனா என்னை உள்ளயே விடமாட்டாங்கன்னார்.

இன்னொண்ணு. பயிற்சி பண்ணவங்க வருஷக் கடைசில 6 நிமிஷத்துல நடந்தது சராசரியா 379 மீட்டர்தான், அது ரொம்பக் கம்மி. இந்த சிகிச்சைகளால வேலை இழப்புல வித்தியாசம் வரலைன்னும் அவங்களே 2012ல எழுதியிருக்காங்க. பெனிஃபிட் டிபார்ட்மென்ட் போட்ட காசுக்கு அதுகூட கிடைக்கல, பாவம்.

இதைக் கண்டுபிடிச்சது பெரிய பேராசிரியருங்க இல்ல. வீட்டுலயும் கட்டில்லயும் கிடந்த நோயாளிங்க. ஆஸ்திரேலியால அலெம் மத்தீஸ்னு ஒரு நோயாளி, தகவல் அறியும் சட்டத்துல, நம்ம ஊர் ஆர்டிஐ மாதிரி, அந்த டேட்டாவைக் கொடுங்கன்னு 2014ல கேட்டார். லண்டன் குயின் மேரி யுனிவர்சிட்டி கொடுக்க மாட்டேன்னுச்சு. கொடுன்னு தகவல் ஆணையர் சொன்ன பிறகும் தீர்ப்பாயத்துக்கு அப்பீல் போனாங்க. வக்கீல் செலவு மட்டும் ரெண்டு லட்சம் பவுண்டுக்கு மேல. இந்த நோயாளிங்க ஆபத்தான ஆளுங்க, ஆராய்ச்சியாளர்களை மிரட்டுறாங்கன்னு ஒரு வாதம் வச்சாங்க. தீர்ப்பாயம் 2016 ஆகஸ்ட்ல, அது ரொம்ப மிகைப்படுத்தல், உருப்படியா காட்டின ஒரே ஆதாரம் ஒரு கூட்டத்துல ஒருத்தர் குறுக்கக் கத்துனதுதான்னு சொல்லி அப்பீலைத் தள்ளுபடி பண்ணுச்சு. டேட்டா வந்துச்சு. முதல்ல போட்ட திட்டப்படி திரும்ப எண்ணிப் பார்த்தா குணமானவங்க சிபிடில 7 சதவீதம், உடற்பயிற்சில 4. ரெண்டும் இல்லாம சாதாரண டாக்டர் கவனிப்புல இருந்தவங்க 3. அந்த வழக்கோட பாரத்துல அலெம் உடம்பு ரொம்பவே மோசமாப் போச்சு. எனக்கு இதைச் சொல்றப்ப எல்லாம் தொண்டை அடைக்கும், விட்டுடறேன்.

2021ல நைஸ் புது வழிகாட்டுதல் எழுதுச்சு. ஆகஸ்ட்ல வர வேண்டியது, பெரிய டாக்டர் சங்கங்கள் எதிர்ப்பால வெளியிடறதுக்கு முதல் நாள் நிறுத்திட்டாங்க. அக்டோபர் 29 அன்னைக்குத்தான் வந்துச்சு. முன்னாடியே குறிச்ச அளவுல கூட்டிக்கிட்டே போற உடற்பயிற்சி கொடுக்கக் கூடாது, சிபிடி நோயைக் குணமாக்குற சிகிச்சை இல்லன்னு தெளிவா எழுதியிருக்கு.

ஜெயிச்சாச்சுன்னு நெனைக்காதீங்க. அதே 2021 அக்டோபர்ல மேவ் பூத்பி ஓநீல்னு 27 வயசுப் பொண்ணு டெவன்ல இறந்துபோனா. எம்.இ. முத்திப்போய், சாப்பிடக்கூட உட்கார முடியாம, ஊட்டம் இல்லாமலேயே போயிட்டா. 2024ல எக்ஸிடர்ல விசாரணை நடந்துச்சு. கடுமையான எம்.இ. இருக்கிறவங்களுக்குன்னு நாட்டுல ஒரு தனி வார்டுகூட இல்லங்கிறதை கரோனர், அதாவது மரண விசாரணை அதிகாரி, அரசாங்கத்துக்கே எழுதி அனுப்பினாங்க. காகிதத்துல வழிகாட்டுதல் மாறிடுச்சு, வார்டுல இருக்கிற டாக்டர் மண்டைல 1970 அப்படியே உட்கார்ந்திருக்கு.

எனக்கே நடந்துச்சு. புது வழிகாட்டுதல் வந்த பிறகுதான், ஒரு டாக்டர், உங்க ஊர்ப் பெண்கள் மனசுல இருக்கிறதை வெளிய சொல்ல மாட்டீங்க, அது உடம்புல வருதுன்னார். நான் மனசுல இருந்ததை அப்பவே வெளிய சொல்லியிருக்கலாம், ஆனா அன்னைக்கு எனக்குப் பேச்சே வரல. கிராஷ்.

நல்ல செய்தியும் இருக்கு. எடின்பரோல நடக்கிற டிகோட்எம்இ ஆய்வு, 15,579 நோயாளிங்களோட மரபணுவைப் பார்த்து, 8 இடத்துல வித்தியாசம் தெரியுதுன்னு 2025 ஆகஸ்ட்ல முதல் முடிவை வெளியிட்டிருக்காங்க. சில இடம் நோய் எதிர்ப்பு சம்பந்தப்பட்டது, சிலது நரம்பு மண்டலம். சிகிச்சை இன்னும் இல்ல. அந்த ஆய்வை வடிவமைச்சதுல நோயாளிங்களும் கூட இருந்தாங்கங்கிறதுதான் எனக்குப் பிடிச்ச விஷயம். லாங் கோவிட்ல எங்களை மாதிரியே ஆனவங்க நெறைய பேர் வந்து சேர்ந்த பிறகு, காது கொடுத்துக் கேக்கிறவங்களும் கொஞ்சம் கூடியிருக்காங்க.

இங்க இங்கிலாந்துல இருக்கிறவங்க, ஜிபி, அதான் குடும்ப டாக்டர், கிட்டப் போறப்ப என்ஜி206ங்கிற நம்பரை எழுதி எடுத்துட்டுப் போங்க. அதுதான் 2021 வழிகாட்டுதல். முடிஞ்சா கூட ஒருத்தரைக் கூட்டிட்டுப் போங்க, நம்ம வாய் அடைச்சுப்போனா அவங்க பேசுவாங்க. அடுத்த வீடியோ பிப் ஃபாரம் பத்தி, உடம்பு முடியாதவங்களுக்கான பெனிஃபிட்டுக்கு நிரப்புறது. "எவ்வளவு தூரம் நடப்பீங்க"ன்னு கேக்கிற இடத்துல, ஒரு தடவை நடக்க முடியுமாங்கிறதோட நிறுத்தாம, மறுநாள் என்ன ஆகுதுன்னும் எழுதணும், அதை எப்படி எழுதறதுன்னு காட்டறேன். தேதி கேக்காதீங்க, உடம்பு விட்ட அன்னைக்குப் போடறேன்.